ஒற்றை அட்டவணை எனும் பிழை

ஒரு சேவையகத்துடன் இணையும்படி நிரல் கேட்கிறது. மறுமுனை மறுத்துவிடுகிறது. இந்த மறுப்பை லினக்ஸ் 111 என்கிறது. மக் 61 என்கிறது. விண்டோஸ் 10061 என்கிறது. மூன்று தளங்களிலும் ஓட வேண்டிய நிரல் நூலகத்தை எழுதுகிறவர் இந்த மூன்று இலக்கங்களையும் என்ன செய்வது?

நம்மிடையே ஊறிப்போன விடை ஒன்று உண்டு. நூலகம் தனக்கென்று ஒரே வழு அட்டவணையை வரையறுக்க வேண்டும். கீழிருந்து எது வந்தாலும் அதை அந்த அட்டவணையின் ஓர் இலக்கமாக மாற்ற வேண்டும். வந்த மூல இலக்கத்தை மறைத்துவிட வேண்டும். விரிவுரையிலும் நிரல் மீளாய்விலும் இது கேள்விக்கு இடமில்லாத நல்வழக்கமாகவே சொல்லப்படுகிறது. நான் இதைத் தவறு என்கிறேன். நூலகம் எழுதுகிறவரின் வேலையைச் சுலபமாக்கி, அதற்கான விலையை அந்த நூலகத்தை நம்பியவரிடம் அறவிடுகிற தவறு இது.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். பிரயோக மென்பொருள் எழுதுகிறவர் ஒவ்வொரு கேர்னலின் பூர்வீகத்தையும் படித்துக்கொண்டிருக்க முடியாது. 'கோப்பு இல்லை' என்றால் எந்தத் தளத்திலும் கோப்பு இல்லைதான். அட்டவணை ஒன்றென்றால் ஆவணமும் ஒன்று, சோதனையும் ஒன்று. அதோடு வேறுபாடும் பெரிதல்ல: 1979 இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு 1 முதல் 34 வரை தந்த இலக்கங்களை லினக்ஸ், பிஎஸ்டி, மக் மூன்றும் ஏறத்தாழ அப்படியே வைத்திருக்கின்றன. மிஞ்சியதைச் சீர்செய்ய ஓர் அட்டவணை போதும். பாமினியும் மற்ற எழுத்துருக்களும் ஆளுக்கொரு குறியீட்டோடு நின்ற காலத்தை யூனிகோட் முடித்து வைத்ததே, அதையேதான் வழுக்களுக்கும் செய்யச் சொல்கிறோம். இதுதான் அவர்களின் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஆறு இடங்களில் உடைகிறது.

1. இலக்கம் தனியே எதைச் சொல்லும்?

எதையும் சொல்லாது. இலங்கையில் 119 பொலிஸ், 110 தீயணைப்பு. யப்பானில் 110 பொலிஸ், 119 தீயணைப்பும் அம்புலன்ஸும். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளை, வீட்டில் தீப்பற்றும்போது பழக்கத்தில் 110 ஐ அழுத்தினால் பொலிஸ்தான் எடுக்கும். இலக்கத்தில் பிழையில்லை. அது எந்த நாட்டு இலக்கம் என்பதுதான் விடுபட்டுப்போயிற்று.

வழு இலக்கங்களிலும் இதே இடமாற்றம் உண்டு. லினக்ஸில் 11 என்றால் 'இப்போது முடியாது, மீண்டும் முயல்க'. 35 என்றால் 'இங்கே காத்திருந்தால் முட்டுக்கட்டை விழும், காத்திருக்காதே'. மக்கிலும் பிஎஸ்டியிலும் 35 தான் 'மீண்டும் முயல்க'. 11 தான் முட்டுக்கட்டை. பொருள் நேர் எதிர். எல்லோருக்கும் பொதுவென்று சொல்லப்படும் அந்த முதல் 34 க்குள்ளேயே 11 இப்படி விலகி நிற்கிறது. 11 முன்பு வேறொன்றாக இருந்தது என்ற குறிப்பு பிஎஸ்டியின் தலைப்புக் கோப்பில் இன்றும் கிடக்கிறது. கோப்பைப் பூட்டும் ஒரே அழைப்பே, கேட்கும் முறையைப் பொறுத்து, இந்த இரண்டு விடைகளையும் தரக்கூடியது. மக்கில் 35 ஐப் பார்த்து 'திரும்ப முயல்' என்று எழுதிய நிரல், லினக்ஸில் முட்டுக்கட்டையைப் பார்த்துத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும்.

'இதைத் தீர்க்கத்தானே அட்டவணை கேட்கிறோம்' என்பார்கள். தீராது. வழு இலக்கம் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. பதிவேட்டுக்குப் போகிறது, வலையமைப்பைக் கடக்கிறது, சி மொழியில் எழுதிய இன்னொரு நூலகத்திடமிருந்து மூல உருவிலேயே வருகிறது. அங்கே 5 என்று ஒரு வரி நின்றால் அது லினக்ஸின் 'உள்ளீட்டு வெளியீட்டு வழு'வா, விண்டோஸின் 'அனுமதி இல்லை'யா? 112 என்றால் லினக்ஸின் 'எதிர்க் கணினி இயங்கவில்லை'யா, விண்டோஸின் 'வட்டு நிரம்பிவிட்டது' என்பதா? உங்கள் அட்டவணை இந்தக் குழப்பத்தைக் குறைக்காது. மூன்று பேச்சுவழக்குகள் இருந்த இடத்தில் நான்காவதைக் கொண்டுவந்து சேர்க்கும்.

வாசி எனப்படும் வெப்அசெம்பிளி இடைமுகம் தன் இலக்கங்களைப் புதிதாகவே அடுக்கியது. அதில் கோப்பு இல்லை என்பது 44, அனுமதி இல்லை என்பது 2. அதற்கு அந்த உரிமை உண்டு, ஏனென்றால் அங்கே நிரலுக்கு முன்னால் நிற்கும் தளமே அதுதான். நூலகம் தளமல்ல. தளம் சொன்னதைக் கொண்டுவந்து தருகிற தூதுவர்.

2. மாற்றும்போது அழிந்துபோவதை யார் திருப்பித் தருவது?

மைக்ரோசொஃப்டின் சி மொழி நூலகம் விண்டோஸின் வழுக்களை யுனிக்ஸ் பாணி இலக்கங்களாக மாற்றுகிறது. அதன் அட்டவணையில் 19 முதல் 36 வரையான வரிசை முழுவதும் ஒரே இலக்கத்தில் போய் விழுகிறது: 13, 'அனுமதி மறுக்கப்பட்டது'. அந்த வரிசையில் என்னென்ன இருக்கின்றன? 19, எழுதத் தடையிடப்பட்ட வட்டு. 21, சாதனம் தயாரில்லை. 23, படித்த தரவு சரிபார்ப்பில் தேறவில்லை. 27, வட்டில் அந்தப் பகுதியைக் காணவில்லை. 28, அச்சுப்பொறியில் தாள் இல்லை. 32, கோப்பை வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாமே 'அனுமதி மறுக்கப்பட்டது'. அட்டவணையில் இடமே கிடைக்காதவை 22 ஆகின்றன: 'செல்லாத மதிப்பு'.

இதன் விலையைப் பம்பலப்பிட்டியில் நேரில் பார்த்தேன். காலி வீதியில், மாடி மாடியாகக் கணினிக் கடைகள் உள்ள கட்டடம் ஒன்றில், திருத்துகிற தம்பி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வெளி வன்தட்டு ஒன்றோடு வந்தார். இருபது வருடப் படங்கள், ஊர் வீட்டின் படங்களும் அதற்குள்தான். பிரதியெடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு கோப்புறையிலும் பாதி வழியில் நின்று 13 என்று காட்டியது, அனுமதி மறுக்கப்பட்டது. "என்ர சொந்தச் சாமானைத் திறக்க எனக்கே அனுமதி இல்லையோ, தம்பி?" என்று கேட்டார் அவர். தம்பி தன் தொழிலைச் சரியாகவே செய்தார். கோப்புகளின் உரிமையாளரை மாற்றினார், அனுமதிகளைத் திறந்தார், நிர்வாகியாக நுழைந்து பார்த்தார், வைரஸ் தடுப்பை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகு மூல இலக்கத்தைக் காட்டுகிற வேறொரு கருவியை ஓட்டினார். 23 என்றது. வட்டு செத்துக்கொண்டிருந்தது. உடனே நிறுத்தி, படிக்கக்கூடியதை மட்டும் ஒருமுறை இழுத்தெடுத்திருக்க வேண்டிய அந்த வட்டு, இரண்டு மணி நேரம் அனுமதிக்காகச் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பியைக் குறை சொல்ல முடியாது, ஆசிரியையையும் முடியாது. விண்டோஸ் உண்மையைத்தான் சொன்னது. இடையில் நின்ற அட்டவணை அதைப் பொய்யாக்கியது.

3. பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றாகுமா?

ஆகாது. அட்டவணைக்காரர்களின் நம்பிக்கை முழுவதும், இலக்கங்கள் வேறானாலும் அவற்றுக்குப் பின்னால் உள்ள பெயர்கள் பொதுவானவை என்பதில் தங்கியிருக்கிறது. போசிக்ஸ் தரநிலை பெயர்களைத்தான் வரையறுக்கிறது; இலக்கங்களை அந்தந்தத் தளத்திடமே விட்டுவிடுகிறது. ஆனால் எந்தத் தவறுக்கு எந்தப் பெயர் என்பதில் அதுகூடப் பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடையை அனுமதிக்கிறது.

கோப்பை நீக்கும் அழைப்பைக் கோப்புறை ஒன்றின்மேல் ஏவிப் பாருங்கள். 'இது உனக்கு அனுமதிக்கப்பட்ட செயலல்ல' என்று சொல்லச் சொல்கிறது போசிக்ஸ். மக் அப்படியே சொல்கிறது. லினக்ஸோ 'இது கோப்புறை' என்கிறது. குறியீட்டு இணைப்பைப் பின்தொடராதே என்ற நிபந்தனையோடு ஓர் இணைப்பைத் திறக்கக் கேளுங்கள். 'இணைப்புகள் சுற்றிச் சுற்றி வருகின்றன' என்று பொருள்படும் பெயரை லினக்ஸ் தருகிறது. 'இணைப்புகள் மிகை' என்ற பெயரை ஃப்ரீபிஎஸ்டி தருகிறது. நெட்பிஎஸ்டி மூன்றாவதாக ஒன்றைத் தருகிறது. வெறுமையாக இல்லாத கோப்புறையை நீக்கினால் 'வெறுமையில்லை' என்றும் சொல்லலாம், 'ஏற்கெனவே உள்ளது' என்றும் சொல்லலாம்; தரநிலை இரண்டையும் ஏற்கிறது.

ஆகவே ஒரு வழுவின் பொருள், இலக்கம் எது, தளம் எது, அழைப்பு எது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இலக்கத்தை மட்டும் வாங்கி இலக்கத்தைத் தருகிற அட்டவணைக்கு மற்ற இரண்டும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல மொழிபெயர்க்கும்போது அது ஊகிக்கிறது. ஊகத்தை உறுதியான விடையாக நிரலிடம் கொடுக்கிறது.

4. இல்லாத பெயரை உருவாக்கி வைப்பது உதவியா, பொறியா?

பொறி. விண்டோஸின் வலையமைப்பு வழுக்கள் பிஎஸ்டி இலக்கங்களோடு 10000 ஐக் கூட்டிப் பெறப்பட்டவை. மக்கின் 61 க்கும் விண்டோஸின் 10061 க்கும் உள்ள உறவு அதுதான். அந்த இலக்கங்களுக்கு யுனிக்ஸ் பெயர்கள் விண்டோஸில் வெகுகாலம் இருக்கவில்லை. எனவே பல தளங்களுக்கு எழுதிய மென்பொருட்கள் ஒரு குறுக்குவழியைக் கைக்கொண்டன: இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்றால், 10061 க்குச் சமம் என்று நாமே வரையறுத்துக்கொள்வோம். வருடக்கணக்கில் அது வேலை செய்தது.

விஷுவல் ஸ்டூடியோ 2010 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அந்தப் பெயர்களைத் தானே வரையறுத்தது. இணைப்பு மறுக்கப்பட்டது என்பதற்கு அது கொடுத்த இலக்கம் 107. வலையமைப்பு நூலகமோ முன்புபோல 10061 ஐயே திருப்பித் தந்தது. 'வரையறுக்கப்படவில்லை என்றால்' என்று தொடங்கிய அந்த வரிகள் சத்தமில்லாமல் செயலிழந்தன. நிரல் தொகுக்கப்பட்டது, எச்சரிக்கை வரவில்லை, ஆனால் 10061 ஐ 107 உடன் ஒப்பிட்டு 'இல்லை' என்று சொல்லத் தொடங்கிற்று. அந்தப் பெயர்களை முதலில் அழித்துவிட்டு மீண்டும் தன் பொருளில் வரையறுக்கும் வரிகள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் விண்டோஸ் தலைப்புக் கோப்பில் இருக்கின்றன.

மறுபுறமும் உண்டு. 'மீண்டும் முயல்க', 'முயன்றால் தடைப்படும்' என்ற இரண்டு பெயர்களுக்கும் லினக்ஸில் ஒரே இலக்கம். விஷுவல் ஸ்டூடியோவில் 11, 140 என்று வெவ்வேறு. தளத்தில் ஒன்றாக இருப்பதை இரண்டாகவும், இரண்டாக இருப்பதை ஒன்றாகவும் காட்டுகிற அட்டவணை தளத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் கற்பனையைப் பற்றிப் பேசுகிறது.

5. இந்த அட்டவணை எப்போது முடியும்?

முடியாது. கேர்னல்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நினைவகத்தின் ஒரு பக்கம் வன்பொருளால் பழுதாகிவிட்டது என்பதற்கு லினக்ஸில் இன்று 133 என்ற இலக்கம் உண்டு. யுனிக்ஸ் ஏழாம் பதிப்பை எழுதியவர்களின் பட்டியல் 34 உடன் நின்றது. புதிதாக வருவதை உங்கள் அட்டவணை எங்கே வைக்கும்? எல்லா அட்டவணைகளின் கடைசியிலும் இருக்கிற 'மற்றவை' என்ற குப்பைக் கூடையில்.

ரஸ்ட் மொழி இதை அனுபவித்துத்தான் கற்றது. அதன் வழு வகைப் பட்டியலிலும் 'மற்றவை' இருந்தது. வகைப்படுத்தப்படாத தள வழுக்களெல்லாம் அதற்குள் விழுந்தன. நிரலாளர்கள் அந்த 'மற்றவை'யை நம்பி எழுதத் தொடங்கினார்கள். பிறகு ஒரு வழுவுக்குப் புதிய வகை கொடுத்தால் அவர்களின் நிரல் உடையும் என்ற நிலை வந்தது. 2021 இல், 1.55 ஆம் பதிப்பில், மொழியின் சொந்த நூலகம் தள வழுக்களை அந்தப் பெயரில் தருவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. இதில் ரஸ்ட் தப்பியதற்குக் காரணம், தொடக்கத்திலிருந்தே மூல இலக்கத்தைக் கேட்டுப் பெறும் வழியை அது வைத்திருந்ததுதான். அந்த வழி இல்லாத நூலகத்தில் 'மற்றவை' என்ற விடைக்குப் பின் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

6. யூனிகோட் செய்யவில்லையா?

செய்தது. தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் யூனிகோட் செய்தது வேறு வேலை. 106 என்ற குறியீடு ஆங்கில எழுத்துருவில் ஓர் ஆங்கில எழுத்து. பாமினியில் அது 'த'. யூனிகோட் 'த' வுக்கு 2980 என்ற தனி இடம் கொடுத்தது. பாமினியில் இருந்த கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றும்போது 'த' ஒன்று 'த' ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. வேண்டுமென்றால் திரும்பவும் பாமினிக்குக் கொண்டுவரலாம். எந்த எழுத்தும் இன்னொன்றுக்குள் கரைந்து மறைவதில்லை. 19 முதல் 36 வரை ஒரே 13 க்குள் தள்ளிய அட்டவணையிலிருந்து 23 ஐ யாராவது திரும்ப எடுத்துக் காட்டட்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 'த' என்ற எழுத்து கணினிக்கு முன்பும் இருந்தது. அது என்னவென்பதில் நமக்குள் சண்டையில்லை. ஒரு வழுவோ அந்தக் கேர்னல் அதைச் சொல்வதற்கு முன் எங்கும் இருப்பதில்லை. அதன் பொருள் சொன்னவரிடம்தான் இருக்கிறது. அதோடு, பாமினிக் கோப்பை மாற்றுகிறவர் கேட்கும் முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள்: 'இது எந்த எழுத்துரு?' மூல அடையாளத்தைக் கேட்காமல் யாரும் மாற்றத் தொடங்குவதில்லை. யூனிகோடிலிருந்து கற்க வேண்டிய பாடம் அதுதான். அட்டவணைக்காரர்கள் தூக்கியெறியச் சொல்வதும் அதையேதான்.

அப்படியானால் நூலகம் செய்ய வேண்டியது என்ன?

கேள்வியைப் பொதுவாக்க வேண்டும், பதிலைத் தொடக்கூடாது. 'கோப்பு இல்லாததாலா தோற்றது?' என்ற கேள்வி எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக இருக்கலாம், இருக்க வேண்டும். அதற்கு ஆம், இல்லை என்று சொல்வது நூலகத்தின் வேலை. தளம் சொன்ன இலக்கமும், அது எந்தத் தளத்தின் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்ற அடையாளமும் அந்தக் கேள்விக்குப் பின்னாலும் அப்படியே இருக்க வேண்டும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. சி பிளஸ் பிளஸ் 2011 தரநிலை, வழு இலக்கத்தை அதன் வகையோடு சேர்த்து ஒரு பொருளாகவும், எல்லாத் தளத்துக்கும் பொதுவான நிபந்தனையை இன்னொரு பொருளாகவும் பிரித்து வைத்தது. 2012 இல் வந்த பைதன் 3.3, 'கோப்பு காணப்படவில்லை', 'அனுமதி இல்லை' போன்ற பொதுவான வழு வகுப்புகளைக் கொண்டுவந்தது. கூடவே மூல இலக்கத்தையும், விண்டோஸில் விண்டோஸின் சொந்த இலக்கத்தையும் வைத்திருக்கிறது. 2019 இல் கோ 1.13 பொதுவான கேள்வி கேட்கும் முறையைத் தந்தது. அங்கே விண்டோஸின் 2 உம் 3 உம், அதாவது 'கோப்பு இல்லை' யும் 'பாதை இல்லை' யும், 'இல்லையா?' என்ற ஒரே கேள்விக்கு 'ஆம்' என்கின்றன. ஆனால் இரண்டும் தத்தம் இலக்கத்தோடேயே நிற்கின்றன. கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பாலரினா மொழியில், ஒரு வழுவுக்குச் செய்தியோடும் விவரத்தோடும், அதற்குக் காரணமான முந்தைய வழுவையும் சேர்த்துச் சுமக்க மொழியிலேயே இடமுண்டு. விண்டோஸ் புதுப்பிப்பு தோற்கும்போது திரையில் வரும் 80070005 என்ற பதினறும இலக்கத்தைப் பாருங்கள்: நடுவிலுள்ள 7 அது எந்தப் பட்டியல் என்கிறது, கடைசி 5 'அனுமதி இல்லை' என்கிறது. இலக்கம் மட்டும் போதாது என்று மைக்ரோசொஃப்டுக்கும் தெரிந்தே இருந்தது.

'இத்தனை விவரம் பயனாளரைக் குழப்பாதா?' என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். பயனாளரின் திரையில் என்ன காட்டுவது என்பது பிரயோக மென்பொருளின் முடிவு. அந்த முடிவை எடுக்கத் தேவையான உண்மையை நூலகம் முன்கூட்டியே அழித்துவிடக்கூடாது. திரையில் காட்டாத ஒன்றைப் பதிவேட்டில் எழுதலாம். அழித்துவிட்ட ஒன்றை எங்கும் எழுத முடியாது.

நூலகம் எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் நிரலில் வழு இலக்கத்தை மாற்றும் இடத்தைத் திறந்து பாருங்கள். பல இலக்கங்கள் ஒன்றாகச் சேரும் ஒவ்வொரு வரியிலும், 'மற்றவை' என்று முடியும் ஒவ்வொரு வரியிலும், மூல இலக்கமும் அதன் தளமும் உடன் போகின்றனவா என்று பாருங்கள். போகவில்லையென்றால் அவை இரண்டுக்கும் இடம் சேருங்கள். அரை நாள் வேலை. அந்த ஆசிரியையின் வன்தட்டிலிருந்து ஏறத்தாழப் பாதிப் படங்கள்தான் மீண்டன.